தவணையில் வரும் கார்

இத்தாலியின் நோவாரா நகரில், ஒரு சமையலறை மேசை மீது, ஃபியட் 500 கார் ஒன்று கதவில்லாமல் நிற்கிறது. நீளம் 37 செ.மீ. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. பின்பக்க மூடியைத் தூக்கினால் இரண்டு சிலிண்டர் எஞ்சின், அதன் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கார்புரேட்டர். ஒன்றரை வருடமாக, வாரம் ஒரு துண்டாக வந்துகொண்டிருக்கும் இந்தக் கார் இன்னும் வந்து முடியவில்லை.

"இந்த வாரம் 69-ம் இதழ்," என்கிறார் வீட்டுக்காரர், பிரிக்காத பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்து. "இடது கதவு."

அவருக்கு 74 வயது. 1969-ல் தெற்கே பூலியா மாநிலத்திலிருந்து ரயிலேறி, டூரின் நகரில் ஃபியட்டின் மிராஃபியோரி ஆலையில் சேர்ந்தார். அங்கே பதினோரு வருடம் அவர் செய்தது ஒரே வேலை. நகர்ந்து வரும் வரிசையில் கார்க் கூடுகளுக்கு இடது கதவு மாட்டுவது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கதவுக்காரர் என்றே குறிப்பிடுகிறேன்.

நான் கார் பார்க்கப் போகவில்லை. 2024 மே மாதம் டூரினில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அது நடக்கும் இடமே ஒரு பழைய கார்த் தொழிற்சாலையின் வளாகம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. லிங்கொட்டோ என்ற அந்த ஐந்து மாடிக் கட்டடம் 1923-ல் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் மூலப்பொருளாக நுழைவது மாடிக்கு மாடி உருவம் பெற்று ஏறி, கூரைக்கு வரும்போது காராகியிருக்கும். கூரையிலேயே சோதனை ஓட்டப் பாதை. 1982-ல் ஆலை மூடப்பட்டது. இப்போது கீழே கடைகள். கூரையில் 2021 முதல் தோட்டம். கார்கள் சீறிய வளைவில் லாவண்டர் செடிகளுக்கு நடுவே குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து உலாவுகிறார்கள்.

கண்காட்சியில் அறிமுகமான ஒரு பெண்மணி, ஆங்கிலத்தில் வரும் இந்திய நாவல்களை இத்தாலிய மொழிக்குக் கொண்டுபோகிறவர், "என் ஊர் நோவாரா. ரயிலில் ஒரு மணி நேரம். அப்பாவைப் பார்க்க வாருங்கள், அவருக்கு ஃபியட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது" என்றார். மும்பையில் பத்மினி டாக்சிகளில் இடித்துப் பிடித்துப் பயணம் செய்து வளர்ந்தவருக்கு அந்த அழைப்பை மறுக்கத் தோன்றுமா?

டூரினிலிருந்து மிலான் போகும் ரயில் பாதி வழியைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே நடப்பது நம்மவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். இரண்டு பக்கமும் நெல் வயல். மே மாதம் வயல்களில் தண்ணீர் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வரப்புகள் மட்டும் கோடு போட்டதுபோலத் தெரிய, நடுவில் ஆல்ப்ஸ் மலையின் பனி தலைகீழாகக் கிடக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய நெல் உற்பத்தி நாடு இத்தாலி. அதன் நெற்களஞ்சியம் வெர்செல்லி, நோவாரா வட்டாரம். 1866-ல் முடிந்த கவூர் கால்வாய் போ நதியின் தண்ணீரை இங்கே கொண்டுவருகிறது. முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பறித்த பெண்களை மொந்தினே என்பார்கள். களைக்கொல்லி வந்ததும் அவர்கள் காணாமல் போனார்கள். கதவுக்காரரின் மாமியார் அவர்களில் ஒருவர்.

நோவாராவில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் தெரிவது சான் கவுதென்சியோ கோயிலின் கோபுரம். 121 மீட்டர். இதை எழுப்பிய அந்தோனெல்லிதான் டூரினின் அடையாளமான மோலே கோபுரத்தையும் கட்டினார். ஊருக்கு இரண்டாவது அடையாளம் கொர்கொன்சோலா பாலாடைக் கட்டி. மூன்றாவது, வெளியூர்க்காரர்கள் அதிகம் அறியாதது: தவணை முறைப் பத்திரிகை.

ஜியோவான்னி தே அகொஸ்தினி என்ற புவியியலாளர் 1901-ல் ரோமில் ஒரு வரைபட நிறுவனம் தொடங்கினார். 1908-ல் அது நோவாராவுக்கு இடம் பெயர்ந்தது. பிறகு வேறு குடும்பங்களின் கைக்குப் போனாலும் பெயர் மாறவில்லை. இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் உலகத்தைப் பார்த்தது இவர்களின் அட்லஸில்தான். 1958-ல் மிலானின் ஃபாப்ரி சகோதரர்கள் ஒரு கலைக்களஞ்சியத்தை வாராந்தரப் பகுதிகளாகப் பத்திரிகைக் கடைகளில் விற்றுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே நோவாராவும் 'இல் மிலியோனே' என்ற புவியியல் களஞ்சியத்துடன் களத்தில் இறங்கியது. புத்தகக் கடையின் படி ஏறத் தயங்கும் குடும்பம் பெட்டிக்கடைக்குத் தயங்காது. மொத்தமாக விலை கொடுக்க முடியாதவர் வாரம் ஒரு சில்லறை கொடுப்பார். கணக்கு பலித்தது. களஞ்சியம் போய் ஓவியம், சமையல், மொழிப் பாடம், இசைத்தட்டு என்று வந்து, கடைசியில் காகிதத்தோடு பொருளும் சேர்ந்துகொண்டது. கப்பல், ரயில் எஞ்சின், ரோபோ, கார். இன்று இதழ் என்பது உதிரி பாகத்தோடு வரும் சில பக்கங்கள்தான். (இதே குழுமம் 2002-ல் இத்தாலியின் லாட்டரி நிறுவனமான லோத்தோமாதிகாவையும் வாங்கியது. வாரா வாரம் சில்லறை வாங்கும் கலையில் தேர்ந்தவர்களுக்கு அது அந்நியத் தொழிலாக இருந்திருக்காது.)

நோவாராவில் தொடங்கி லண்டன், பாரிஸ், டோக்கியோ வரை பல நிறுவனங்கள் இப்போது இதைச் செய்கின்றன. கதவுக்காரரின் கார் யாருடைய வெளியீடு என்பது இங்கே முக்கியமில்லை. நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றே. இத்தாலியில் செப்டம்பரிலும் ஜனவரியிலும் புதிய தொடர்கள் குவியும். கோடை விடுமுறையோ புத்தாண்டோ முடிந்து ஜனங்கள் சபதம் எடுக்கும் காலம். முதலில் ஏதாவது ஒரு வட்டாரத்தில் மட்டும் விட்டுப் பார்த்து, விற்றால்தான் நாடு முழுக்க வரும். முதல் இதழ் இரண்டு யூரோவுக்கும் கீழே. அதில் கண்ணைப் பறிக்கும் துண்டு ஒன்று இருக்கும். சக்கரமோ, பளபளக்கும் பானெட்டோ. மூன்றாவது இதழிலிருந்து விலை பத்து யூரோவைத் தாண்டும். முதல் இதழ் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பத்தாவதைப் பார்ப்பதில்லை. பதிப்பாளர் அதை முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்திருப்பார்.

கதவுக்காரரின் தொடர் மொத்தம் நூறு இதழ். கூட்டிப் பார்த்தால் 1,100 யூரோவுக்குக் குறையாது, நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம். அந்தக் காசுக்கு ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்கலாமே என்று நான் சொல்ல, மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "ஒரே தடவையில் ஆயிரம் யூரோ கேட்டு யாராவது வாசலுக்கு வந்திருந்தால் துரத்தியிருப்பேன்," என்றார் அவர். "வாரம் பதினொன்று என்றால், அது நான் விட்ட சிகரெட்டின் காசு." பதிப்பாளரின் தந்திரத்தை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இருக்க முடியாது. புரிந்துகொண்டும் வாங்குகிறார்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கு இந்தக் காரின் அளவு பிடித்திருந்தது. எட்டில் ஒன்று. உண்மைக் காரின் நீளம் 2.97 மீட்டர், எடை சுமார் 520 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டில் ஒன்றானால் எடை 512-ல் ஒன்றாக வேண்டும், அதாவது ஒரு கிலோ. ஆனால் இதைத் தூக்கினால் கை இறங்குகிறது. உண்மைக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. அதை எட்டில் ஒன்றாக்கினால் சாக்லெட் சுற்றும் காகிதம்போல ஆகிவிடும். எனவே உலோகத்தைத் தடிமனாக வார்க்கிறார்கள். எந்த மொழிபெயர்ப்பிலும் ஏதோ ஒரு இடத்தில் தடிமன் கூடத்தான் செய்கிறது.

இந்த வேலைக்குப் பசை அதிகம் தேவையில்லை. வண்ணமும் பூச வேண்டாம். துண்டுகள் பூசியே வருகின்றன. எல்லாம் திருகுதான். ஒவ்வொரு இதழிலும் எழுத்து குறித்த குட்டிப் பைகளில் திருகுகள், பெரும்பாலும் இரண்டு மி.மீ. விட்டம், சில அதற்கும் கீழே. தேவைக்கு ஒன்று கூடுதலாக இருக்கும், தரையில் விழுந்தது திரும்பக் கிடைக்காது என்பதால். திருப்புளியின் முனை காந்தமேற்றியது. உலோகத்தில் உலோகம் ஏறும்போது இறுகி, திருகின் தலை தேய்ந்துவிட்டால் அந்தத் துண்டு பாழ். எனவே திருகைச் சோப்பில் ஒரு தடவை குத்தி எடுத்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஏற்ற வேண்டும். எஞ்சினில் தொடங்கி அச்சு, டேஷ்போர்டு, இருக்கை என்று வரும் வரிசைக்குக் கட்டுபவரின் வசதி மட்டும் காரணமில்லை. சுவாரசியமான துண்டையும் சலிப்பான துண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் ஆள் நிற்பார். எட்டாவது இதழில் வந்த ஒரு வளையம் அறுபதாவதில்தான் தேவைப்படும். அதுவரை பத்திரமாக வைக்கவும் என்று அச்சிட்டிருப்பார்கள். கதவுக்காரர் அவற்றைப் பழைய பிஸ்கெட் டப்பாக்களில் எண் ஒட்டி வைத்திருக்கிறார். எந்த எண் எங்கே என்று டப்பாவைத் திறக்காமல் சொல்கிறார்.

மிராஃபியோரியைப் பற்றிக் கேட்டேன்.

"பூசிய காரை வேலை நேரத்தில் நான் பார்த்ததே கிடையாது," என்றார். கதவு மாட்டுவது வண்ணப் பிரிவுக்கு முந்தைய கட்டம். அவர் முன்னே வந்தவை எல்லாம் சாம்பல் நிறத் தகட்டுக் கூடுகள். எஞ்சின் இருக்காது, இருக்கை இருக்காது, கண்ணாடி இருக்காது. கீலைப் பொருத்து, மூடிப் பார், இடைவெளி சரியில்லையென்றால் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, அடுத்த கூடு வந்துவிடும். அவர் சேர்ந்தபோது 500-ன் கதவுகளுக்குக் கீல் முன்பக்கம். 1965 வரை பின்பக்கம் இருந்ததாம். பழைய ஆட்கள் அதைச் சொல்லிப் புலம்புவார்களாம். 1957 முதல் 1975 வரை 500 கார்கள் சுமார் 39 லட்சம் தயாராகின. பிறகு 127 வந்தது. அதற்கும் இடது கதவு. எத்தனை மாட்டியிருப்பீர்கள்? "எண்ணினால் பைத்தியம் பிடிக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்."

டூரினில் மூன்று பேர் ஒரு அறையில் தங்கினார்கள். தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று பலகை மாட்டிய காலம் அது. 1980 இலையுதிர்காலத்தில் ஃபியட் ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றப் போவதாக அறிவிக்க, ஆலை வாசலில் 35 நாள் மறியல். அக்டோபர் 14 அன்று, வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று மேற்பார்வையாளர்களும் அலுவலர்களும் நகரில் ஊர்வலம் போனார்கள். 'நாற்பதாயிரம் பேர் ஊர்வலம்' என்று அது சரித்திரத்தில் நின்றுவிட்டது. போராட்டம் முறிந்தது. 23,000 பேர் வேலையில்லாத வேலையாட்கள் ஆனார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொது நிதி தரும். ஆலைக்குள் மட்டும் போக முடியாது. அவர்களில் ஒருவர் இவர். மனைவியின் ஊரான நோவாராவுக்கு வந்து அரிசி ஆலையில் ஓய்வு பெறும் வரை இருந்தார். மனைவி காலமாகி நான்கு வருடம்.

"பதினோரு வருடத்தில் ஒரு காரைக்கூட நான் செய்ததில்லை," என்று அவர் சொன்னபோது மகள் ஒரு நொடி நிறுத்தி, அதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். முதலில் 'முழுக் கார்' என்றார். பிறகு, "இல்லை, அப்பா முழு என்று சொல்லவில்லை" என்று திருத்தினார்.

இதே எட்டில் ஒன்று அளவுக்கு டூரினுக்கு வேறொரு பெருமை உண்டு. 1952-ல் அங்கே தொடங்கிய போக்கெர் என்ற நிறுவனம் 1960-களிலிருந்து ஃபியட், ஆல்ஃபா ரோமியோ, ரோல்ஸ் ராய்ஸ் கார்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக ஒரே பெட்டியில் விற்றது. முதலில் வந்தவற்றில் ஒன்று, 1907 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் நாத்சாரோ ஓட்டி வென்ற ஃபியட். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். இன்று பழம்பொருள் சந்தைகளில் பாதி கட்டிய போக்கெர் பெட்டிகள் கிடைக்கின்றன. தாத்தா தொடங்கியது, பேரன் விற்பது. நிறுவனம் பின்னர் பிரிட்டனின் ஹார்ன்பி கைக்குப் போனது. போக்கெர் பெட்டி வாங்க வசதி வேண்டும், கட்டி முடிக்க வைராக்கியம் வேண்டும். வாராந்தரத் துண்டு அந்த இரண்டையும் அரைக்கரண்டி அளவில் கேட்கிறது.

அதற்குப் பதிலாக அது கேட்பது ஒரு நம்பிக்கை. பதிப்பாளர் நூறு வாரம் தாக்குப் பிடிக்க வேண்டும். துண்டுகள் வார்க்கும் சீன ஆலை தாக்குப் பிடிக்க வேண்டும். கடைக்காரர், வாங்குபவரின் கண், கை, எல்லாமே. லண்டனில் ஈகிள்மாஸ் என்ற பெரிய நிறுவனம், எட்டில் ஒன்று அளவில் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினைத் தந்தது, 2022-ல் நொடித்துப் போனது. அதன் சந்தாதாரர்கள் பலரின் அலமாரியில் பாதிக் கப்பலும் பாதிக் காரும் நிற்கின்றன.

என் பாட்டியின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்திருப்பார். ஒரு நாவலில் 23-ம் அத்தியாயம் இருக்காது. அந்த வாரம் பத்திரிகை வந்து சேரவில்லையாம். கதாநாயகி 22-ல் திருவையாற்றில் இருந்தாள், 24-ல் விதவை. நடுவில் நடந்ததைப் பாட்டி தானாகவே ஒன்று சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. பல வருடம் கழித்து நாவல் புத்தகமாகக் கிடைத்து அந்த அத்தியாயத்தைப் படித்தேன். பாட்டி சொன்னது எதுவும் அதில் இல்லை.

மாலையில் அவருடன் பத்திரிகைக் கடைக்குப் போனேன். பச்சை வர்ணம் பூசிய இரும்புக் கூண்டு. நாளிதழ்கள் ஒரு ஓரமாக ஒடுங்கியிருக்க, தொங்குவதெல்லாம் அட்டையில் ஒட்டிய பொருட்கள்: டைனோசர், மணிக்கூடு, பொம்மைச் சமையலறையின் நாற்காலி. கடைக்கார அம்மாள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய ஒரு கோப்பு வைத்திருக்கிறார். அவரவர் இதழை அதில் போட்டு வைப்பார். முன்பு இரண்டு அலமாரி நிறையக் கோப்புகள், இப்போது ஒன்பது. இத்தாலி முழுக்க இந்தக் கூண்டுகள் மூடிக்கொண்டிருக்கின்றன. இவரும் அந்த டிசம்பரோடு நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தார். கதவுக்காரர் வாரங்களை எண்ணியிருக்கிறார். நூறாவது இதழ் டிசம்பர் நடுவில் வர வேண்டும், ஆகஸ்டில் விடுமுறை விடாமல் இருந்தால். ஏற்கெனவே 41-ம் இதழ் வராமல், மறுபடி எழுதிக் கேட்டு, ஏழு வாரம் கழித்து வந்தது. தபாலில் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "தபாலில் வந்தால் வெளியே போக வேண்டியதில்லையே," என்றார். நான் சொன்னதும் அதையேதான். ஆனால் அவர் அதைக் குறையாகச் சொன்னார்.

வாரங்களை எண்ணுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் உறையைப் பிரித்தபோதுதான் அதைக் கவனித்தேன். அவர் வலது கை நடுங்குகிறது. சென்ற ஆண்டு கண்டுபிடித்தார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் அடங்கும். எஞ்சினை அவரே கட்டினார். டேஷ்போர்டிலிருந்து சின்னத் திருகுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஏற்றுகிறார். கதவை மட்டும் தொடக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டாராம்.

"நீங்கள் காரைப் பிடித்துக்கொள்ளுங்கள்," என்றார் என்னிடம்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கதவு உள்ளங்கை அளவு, சில்லென்று இருந்தது. கீலுக்கு மொத்தம் நான்கு திருகு. முதல் திருகு முனையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. மேசை மேல் அவர் முன்பே விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்ததால் கிடைத்தது. முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. நான்கும் ஏற 25 நிமிடம். மூடினார். கீழ்ப் பக்கம் ஒரு மயிரிழை இடைவெளி. எனக்குத் தெரியவில்லை; அவர் நகத்தால் தடவிக் காட்டினார்.

"அப்பா, போதும், பனீஷா ஆறுகிறது," என்றார் மகள். பனீஷா என்பது பீன்ஸ் விதையும் சலாமியும் போட்டு இந்த ஊரில் செய்யும் அரிசிச் சாப்பாடு. அவர் நான்கு திருகுகளையும் தளர்த்தினார்.

சாப்பிட்டோம். மும்பையின் பத்மினிகளைப் பற்றிக் கேட்டார். அவை டூரினின் 1100தான், 2023 அக்டோபரில் கடைசி டாக்சியும் தெருவை விட்டுப் போய்விட்டது என்றேன். கதவு எப்படி மூடும் என்று கேட்டார். ஓங்கி அறைந்தால்தான் மூடும், டிரைவர் திட்டுவார் என்றேன். "அது கீலின் தப்பு. கதவின் தப்பு இல்லை," என்றார்.

நான் பிடிக்க நினைத்த ரயில் போய்விட்டது. அவர் மறுபடி உட்கார்ந்தார், நான் மறுபடி பிடித்துக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் கதவு மூடியது, நாக்கைச் சப்புக்கொட்டுவது போன்ற ஒரு சத்தத்துடன். அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் அதை நான்கைந்து தடவை திறந்து மூடினார்.